ஓட்டைக் காலணாவும் மோட்டார் வாஷரும்

காசு கொண்டு வருகிறவரிடம் முதலில் காசைக் கேட்காதீர்கள். "யார் யாரிடம் சொல்லிவிட்டு வந்தீர்கள்?" என்று கேளுங்கள். தேனியிலும் போடியிலும் கம்பத்திலும் புதிதாகப் பழைய நாணயக் கடை போட்டிருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல ஒன்றே ஒன்றுதான் உண்டு என்றால், அது இதுதான். பூதக்கண்ணாடியை எப்படிப் பிடிப்பது, எடை எப்படிப் பார்ப்பது, போலிக் காசு எப்படிப் பல்லிளிக்கும் என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். மனுசரைப் பார்ப்பதுதான் பாக்கி.

நான் படித்தது எட்டாவது. என் வீட்டுக்காரர் கம்பத்தில் பாத்திரக் கடை வைத்திருந்தார். பழைய பித்தளையைப் போட்டுவிட்டு எவர்சில்வர் வாங்கிப் போவார்கள். அப்படி வந்த குடத்தின் அடியிலும் அஞ்சறைப் பெட்டியின் மூலையிலும் காசு கிடக்கும். கூப்பிட்டுக் கொடுத்தால், "செல்லாக்காசு எதுக்குக்கா, நீங்களே வச்சுக்கங்க" என்பார்கள். வைத்துக்கொண்டேன். ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, அதில் இருப்பது யார் தலை, எந்த ஊர் ராசா என்று தெரிந்தவரிடமெல்லாம் கேட்டு, நானே கற்றுக்கொண்டேன். பாத்திரக் கடையில் ஒரு மூலை காசுக் கடையானது. கொஞ்ச காலத்தில் காசுக் கடையில் ஒரு மூலைதான் பாத்திரத்துக்கு மிஞ்சியது. ஊர் எனக்குக் காசுக்காரம்மா என்று பேர் வைத்தது. பெற்றவர்கள் வைத்த பேரைவிட எனக்கு இந்தப் பேர்தான் பிடிக்கும். இது நானாகச் சம்பாதித்தது.

முதலில் சொன்னேனே ஒரு கேள்வி, அதற்கு விதை போட்டவர் உத்தமபாளையத்து ராவுத்தர் ஒருவர். ஏலக்காய் வியாபாரி. பழைய காசு சேர்க்கிற ஆசையில் என் கடைக்கு வருவார். "எல்லாரும் ஏலக்காய மூக்குல வாங்குறாக, நான் காதுல வாங்குறேன்த்தா" என்று சொல்லிச் சிரிப்பார். காய்ந்த காய் கையில் குலுங்குகிற சத்தம் பாதி. கொண்டு வந்தவர் பேசுகிற பேச்சு மீதி. "வெல படியலேன்னா இவன் சரக்கைத் தூக்கிக்கிட்டுத் திரும்பிப் போவானா, போக முடியாம நிக்கிறானான்னு பேச்சுலயே தெரிஞ்சுரும். போக முடியாதவன்கிட்ட வெல பேசாத. அதுக்குப் பேரு யாவாரமில்ல, வழிப்பறி." திரும்பிப் போக முடியாதபடி ஒரு மனுசரைக் கட்டிப்போடுவது எது என்று யோசித்துப் பார்த்தேன். பெரும்பாலும் கடன் இல்லை, பசி இல்லை. ஊரில் சொல்லிவிட்டு வந்த வார்த்தைதான்.

பிறகு வந்தது வீடியோக் காலம். டிராக்டர் படம் போட்ட அஞ்சு ரூபாய்த் தாள் லட்சம் பெறும் என்றார்கள். 786 முடிகிற தாள் வீடு கட்டித் தரும் என்றார்கள். காண்டாமிருகம் போட்ட நாலணா கார் வாங்கித் தரும் என்றார்கள். கடைசியில் ஓட்டைக் காலணாவுக்கு வந்தார்கள். யுத்த காலத்தில் உலோகத்தை மிச்சம் பிடிக்க நடுவில் ஓட்டை போட்டு அள்ளி அள்ளி அடித்த காசு அது. நம் பக்கம் பிள்ளைகளின் அரைஞாண் கயிற்றில் கோத்தார்கள். கட்டை வண்டிக்காரர்கள் ஆணிக்கு அடியில் வாஷராகப் போட்டார்கள். ஒன்றுக்கும் உதவாதவனைத் திட்ட "ஓட்டைக் காலணாவுக்குப் பெறாதவன்" என்று நம் சனங்கள் சொன்னது சும்மா இல்லை. எவர்சில்வருக்கு மாற்ற வந்த பாத்திரங்களோடு வந்தவற்றையே நான் ஒரு கம்பி நிறையக் கோத்துக் கடையில் தொங்கவிட்டிருந்தேன். நல்ல நிலையில் இருக்கிற ஒன்று ஒரு டீ வடைக்குக் காணும்.

வீடியோ வந்த பிறகு ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். கடையில் வேறு யாரும் இல்லையே என்று பார்த்துவிட்டு, மடியிலிருந்து காசை எடுப்பார்கள். பாதிப் பேர் புளி போட்டு விளக்கிப் பளபளவென்று கொண்டு வருவார்கள். பழைய காசைப் புளி போட்டால் இருக்கிற டீ வடையில் வடையும் போய்விடும் என்று சொன்னால் முகம் சுருங்கும். போகும்போது எல்லாரும் ஒரே மாதிரி சொல்வார்கள்: "நான் வந்தத வெளிய சொல்லிராதீகக்கா." சொன்னதில்லை. கடையில் அவிழ்த்த முடிச்சு கடையோடு. இதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இது எனக்குப் பிறகு பெரிய சோதனையாக வந்தது.

சுருளிப்பட்டிக்குப் பக்கத்து ஊர்க்காரர் வேலுச்சாமி. திராட்சைத் தோட்டக்காரர். ஒரு காலை நேரம் மனைவி பாண்டியம்மாவோடு கடைக்கு வந்தார். மோட்டாருக்கு வாஷர் வாங்கப் போகிறோம் என்றுதான் அந்தம்மாவைக் கூட்டி வந்திருக்கிறார். தேய்ந்த பழைய வாஷர் அளவுக்காகச் சட்டைப் பையில் இருந்தது. அதோடு ஒரு ஓட்டைக் காலணாவும் இருந்தது.

"அக்கா, ஒரே ஒரு ஒத்தாச. இது அசல் காசுதான்னு ஒங்க கடை பில்லுல ஒரு வரி எழுதி, சீல் வச்சுக் குடுங்க. அம்புட்டுத்தான். வித்த பணம் வந்தா ஒங்களயும் மறக்க மாட்டேன்" என்றார்.

காசு அசல்தான். எழுதினால் பொய் இல்லை. ஆனால் கேட்கிற அவசரம் எனக்குப் பிடிக்கவில்லை. காசைத் தொடாமல் கேட்டேன்: "யார் யாருகிட்டண்ணே சொல்லிட்டு வந்தீக?"

பாண்டியம்மா சொன்னார்: "யாருகிட்டச் சொல்லலேன்னு கேளுங்கக்கா. ஊர்க் கூட்டத்துல எந்திரிச்சு நின்னு சொல்லிட்டு வந்திருக்காக. கூரையேறிக் கோழி பிடிக்கத் தெரியல, கோயிலுக்குக் கூரை போடப் போறாகளாம்!"

விசயம் இதுதான். வீடியோவில் பார்த்த நம்பருக்கு அவர் காசின் படத்தை அனுப்பியிருக்கிறார். ஏழு லட்சம் என்று பதில் வந்திருக்கிறது. கிரீடத்தின் வளைவு வேறு மாதிரி இருக்கிறது, உங்களுடையது ஆயிரத்தில் ஒன்று என்று பேசியிருக்கிறான் ஒருவன். பதிவுக் கட்டணம் என்று கொஞ்சம் வாங்கியும்விட்டான். அந்தச் சந்தோசத்தில், ஊர்க் கூட்டத்தில் அம்மன் கோயில் முன்னால் தகரக் கூரை போடுவது பற்றிப் பேச்சு வந்தபோது, வேலுச்சாமி எழுந்து, "மொத்தச் செலவும் ஏம்பொறுப்பு. எனக்கு ஒரு காசு வெல போகுது" என்றுவிட்டார். ஊரும் அங்கேயே அவர் தலையில் பரிவட்டம் கட்டிவிட்டது. மற்ற ஊர்களில் கொடுத்த பிறகு கட்டுவார்கள். இவர்களுக்கு வாக்கே போதும். அப்படி ஒரு ஊர்.

இப்போது ஃபோன்காரன் வரி, காப்பீடு என்று பெரிய தொகையாகக் கேட்கிறான். உள்ளூர்க் கடைச் சீட்டும் வேண்டும், சாயங்காலத்துக்குள் வரவில்லை என்றால் வேறு ஆளுக்குப் போய்விடும் என்கிறான். அதற்காக வேலுச்சாமி காய்த்துத் தொங்குகிற கொடித் தோட்டத்தை ஒத்திக்கு விடப் பேசி முடித்திருந்தார். ஒத்திக்கு எடுக்கிறவர் பத்திரத் தாளோடு பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறார். ஒத்தி என்றால் பணத்தைத் திருப்புகிறவரை தோட்டமும் விளைச்சலும் அடுத்தவருக்கு. பாண்டியம்மாவுக்கு இது என் கடையில் வைத்துத்தான் தெரிகிறது.

அந்தம்மா அழவில்லை, கத்தவில்லை. "பழம் இன்னும் வெட்டக்கூட இல்லையே" என்று மட்டும் சொன்னார்.

பிள்ளைகளே, இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? "இது மோசடி, போங்க" என்பீர்கள். போவார், அடுத்த கடைக்கு. அங்கே ஒரு வரி எழுதி வாங்கிவிடுவார், அந்த வரியும் உண்மையாகத்தான் இருக்கும். நான் காலணா கோத்த கம்பியைக் கழற்றி மேசையில் வைத்தேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஊரான் காசும் ஏங்காசும் ஒண்ணாக்கா? நான் அம்மணமாத் திரிஞ்சப்ப இருந்து என் இடுப்புல கெடந்த காசு இது. கிரீடத்தப் பாருங்க, வேற மாதிரி."

"சீட்டு எழுதித் தர்றேண்ணே. அசல். இது மாதிரி ஊருக்கு ஊரு கெடக்கு. வெல ஒரு டீ வடை. முழுசா எழுதுறேன், வாங்கிக்கிறீகளா?"

"அத வச்சு நான் நாக்கா வழிக்க?"

உண்மையைப் பாதியாக எழுதிக் கொடுப்பது பொய்யைவிட மோசம். ஆனால் முழு உண்மை அவர் காதில் ஏறவில்லை. நாம் சொல்லி ஏறாதது அந்தத் திருடன் வாயாலேயே ஏறட்டும் என்று தோன்றியது.

"சரிண்ணே. அந்தச் சட்டைப் பையில இருக்கிற வாஷரையும் ஒரு படம் எடுத்து அவனுக்கு அனுப்புங்க. இதுவும் கெடந்துச்சு, என்ன பெறும்னு கேளுங்க."

"எது, மோட்டார் வாஷரா? வெளையாடுறீகளா?"

"சாயங்காலத்துக்கு இன்னும் எம்புட்டு நேரம் கெடக்கு? அனுப்பித்தான் பாருங்களேன்."

அனுப்பினார். நான் டீ சொல்லிவிட்டேன். டீ வருவதற்குள் பதில் வந்துவிட்டது, குரல் பதிவாக. கடை முழுக்கக் கேட்டது: "சார், கங்கிராட்ஸ் சார்! இதுவும் ரேர் பீஸ்தான். பிரிட்டிஷ் பீரியட். அஞ்சு லட்சம் வரைக்கும் போகும். ரெண்டுக்கும் சேர்த்து ஒரே ஃபைலா போட்டுடலாம், கட்டணம் மட்டும் டபுளா வரும் சார்."

பாண்டியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அய்யய்யோ, நம்ம மோட்டார் ரூம்புல ஒரு டப்பா நெறைய இருக்கே! அம்புட்டும் வித்தா கம்பத்தையே வாங்கிப்புடலாமே!" வேலுச்சாமியும் சிரிக்க ஆரம்பித்தார். பாதிச் சிரிப்பில் நின்றுவிட்டார்.

இதோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். முடியவில்லை.

"சரிக்கா. அவன் திருடன்தான், ஒத்துக்கிறேன்" என்று எழுந்தார். "ஆனா பரிவட்டம் கட்டிட்டாகளே. தோட்டத்த ஒத்திக்கு விட்டுத்தான் தகரம் போடணும். திருடனுக்குக் குடுக்க இருந்தத அம்மனுக்குக் குடுத்துட்டுப் போறேன்."

பார்த்தீர்களா? மோசடி போய்விட்டது. தோட்டம் இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறது. இதனால்தான் சொல்கிறேன், நம்மிடம் வருகிறவர்கள் காசை மட்டும் கொண்டு வருவதில்லை. ஊரில் கொடுத்த வார்த்தையையும் சேர்த்துக் கொண்டு வருகிறார்கள். காசுக்குப் பதில் சொல்லிவிட்டு வார்த்தைக்குப் பதில் சொல்லாமல் அனுப்பினால் பாதி வேலைதான் செய்திருக்கிறோம்.

"வெள்ளிக்கிழம கூட்டம் இருக்குல்ல, அது வரைக்கும் பத்திரத்துல கையெழுத்துப் போடாதீக" என்றேன்.

"ஊர் வாய மூட ஒலமூடி ஏதுக்கா?"

"மூட வேணாம்ணே. தெறக்க வைப்போம். நானும் வர்றேன்."

என்ன தைரியத்தில் சொன்னேன்? எனக்கு ஒன்று தெரியும். அந்த ஊரிலிருந்து மட்டும் எத்தனையோ பேர் ஓட்டைக் காலணாவை மடியில் கட்டிக்கொண்டு என் கடைக்கு வந்து போயிருந்தார்கள். வேலுச்சாமிக்குப் பரிவட்டம் கட்டிவிட்ட ஊர்ப் பெரியவரே முந்தின வாரம் வந்திருந்தார். அவரும் பணம் அனுப்பியிருந்தார். "வெளிய தெரிஞ்சா என் மருவாதி போயிரும் தாயி" என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயில் முன்னால் சனம் உட்கார்ந்திருந்தது. கூரை இல்லாததால் மேற்கு வெயில் எல்லார் முகத்திலும் அடித்தது. நான் கம்பியை நடுவில் வைத்துவிட்டுப் பொதுவாகச் சொன்னேன்: இந்தக் காசு அசல், இது மலிவு, இதை வாங்க வருகிறவன் நம்மிடம் பணம் கேட்டால் அவன் வாங்க வரவில்லை. "பொண்ணு கேட்டு வந்தவன் பந்திச் செலவுக்கு நம்மகிட்டக் கைநீட்டுனா, அவனுக்குப் பொண்ணக் குடுப்பீகளா?" என்று கேட்டேன். பெண்கள் பக்கம் சிரிப்பு. யார் பேரையும் சொல்லவில்லை.

வேலுச்சாமி எழுந்தார். மடித்த பரிவட்டத் துணி கையில் இருந்தது. "நான் ஏமாந்துட்டேன். பணமும் கொஞ்சம் போச்சு. ஊரு கட்டுன மருவாதியத் திருப்பிக் குடுத்துர்றேன்" என்றார்.

பின்னாலிருந்து ஒரு குரல்: "ஏலே, ஏழு லட்சம் மூட்டையில வருதா, லாரியில வருதா?" கூட்டம் கொல்லென்று சிரித்தது. பாண்டியம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

ஊர்ப் பெரியவர் என்னைப் பார்ப்பது தெரிந்தது. என் வாயில் ஒரே ஒரு சொல் இருந்தது. "உங்க பெரியவரும்தான் வந்தாக" என்று நான் சொல்லியிருந்தால் சிரிப்பு அந்த நொடியே நின்றிருக்கும். வேலுச்சாமி தப்பித்திருப்பார். கம்பம் பள்ளத்தாக்கில் அதற்குப் பிறகு ஒருவரும் என்னை நம்பிக் காசை அவிழ்த்திருக்க மாட்டார்கள். நான் பெரியவரைப் பார்க்கவே இல்லை. பார்த்தால் அதுவே காட்டிக் கொடுத்ததாகிவிடும். கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சிரிச்சது போதும்லே" என்று ஒரு சத்தம். பெரியவர்தான். வேட்டி மடிப்பிலிருந்து ஒரு காசை எடுத்துக் கம்பி மேல் போட்டார். ணங்கென்று கேட்டது. "இது ஏங்காசு. அந்தப் பயலுக்கு நானும்தான் பணம் அனுப்புனேன். வேலுச்சாமி அம்மனுக்குன்னு அனுப்புனான். நான் எனக்குன்னு அனுப்புனேன். இப்பச் சொல்லுங்க, யாரு துண்டைக் கழட்டணும்?"

ஒரு பாட்டி சுருக்குப்பையைத் திறந்தார். புளி போட்டு விளக்கிய காசு, தங்கம் மாதிரி மின்னியது. அப்புறம் ஒருவர், அப்புறம் இன்னொருவர். லாரியில் வருதா என்று கேட்டவரும் தலையைச் சொறிந்துகொண்டே முன்னால் வந்து ஒன்றைப் போட்டார். அப்போது கூட்டம் சிரித்தது வேறு சிரிப்பு.

கூரைச் செலவைத் தலைக்கட்டு வரியாக வீட்டுக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்வது என முடிவானது. பரிவட்டத்தைத் திரும்ப வாங்க ஊர் ஒத்துக்கொள்ளவில்லை. பெரியவரே எடுத்து மறுபடி வேலுச்சாமி தலையில் கட்டினார். பணம் பறிகொடுத்தவர்கள் மறுநாள் சேர்ந்து போய் சைபர் கிரைம் போலீசில் புகார் எழுதிக் கொடுத்தார்கள். தனியாக என்றால் ஒருத்தரும் போயிருக்க மாட்டார்கள். தோட்டத்தில் பழம் வெட்டிய அன்று எனக்கு ஒரு பெட்டி பன்னீர்த் திராட்சை வந்தது.

சேர்ந்த காசுகளைப் பெண்கள் சிவப்பு நூலில் கோத்து, கோயில் முன்னால் இருக்கிற சூலத்துக்கு மாலையாகப் போட்டார்கள். பாண்டியம்மா நடுவில் பதக்கம் மாதிரி அந்த வாஷரைக் கோத்துவிட்டார். "அஞ்சு லட்சமாம்ல, அத மட்டும் விட்டுறலாமா?"

கூரை போட்டு முடித்த பிறகு வெளியூர்க்காரர் ஒருவர் அந்த மாலையைப் படம் பிடித்து, பல லட்சம் பெறும் அபூர்வ நாணய மாலை என்று வீடியோ போட்டிருந்தார். வேலுச்சாமி ஃபோனைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கே வந்தார். "கீழ என்ன எழுதியிருக்காகன்னு படிங்கக்கா" என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். அந்த ஊர்க்காரர்கள் வரிசையாக எழுதியிருந்தார்கள். முதல் ஆள் பெரியவரின் மகள்: "நடுவில் இருப்பது மோட்டார் வாஷர். அதையும் சேர்த்து விலை போடுங்கள்." அடுத்தவர்: "எங்கள் ஊரில் இதெல்லாம் பார்த்தாகிவிட்டது, அடுத்த ஊருக்குப் போங்கள்." இன்னொருவர், லாரிக்காரராகத்தான் இருக்க வேண்டும்: "மூட்டையில் அனுப்பவா, லாரியில் அனுப்பவா?"

பாண்டியர் காசு என் கை வழியாகப் போயிருக்கிறது. வெளிநாட்டுக்காரர்கள் தேடி வந்து வாங்கிய காசும் போயிருக்கிறது. ஆனாலும் நீங்கள் விலை பேசியதிலேயே பெருமையான காசு எது என்று என்னை யாராவது கேட்டால், நான் சுருளிப்பட்டி பஸ் ஏற்றிவிட்டு, அந்த வாஷரைப் பார்த்துவிட்டு வரச் சொல்வேன்.